ரெஃபியூஜியத்தில் மணல் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு மணல் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. அதனாலோ என்னவோ, ரெஃபியூஜியம் அமைக்கிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, எவ்வளவு மணல் போடலாம் என்றுதான். மணல் எதற்கு என்று கேட்கிறவர் குறைவு.

சம்ப் எனப்படும், பிரதான தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியின் ஓர் அறையில் பாசி வளர்த்து, அதன் மூலம் நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் குறைப்பது ரெஃபியூஜியத்தின் ஒரு வேலை. மீன்களின் வாய்க்கு எட்டாத இடத்தில் கொபிபொட், அம்பிபொட் போன்ற சின்னஞ்சிறு உயிர்கள் பெருக விடுவது மற்றது. பெரும்பாலானவர்கள் வளர்க்கும் பாசி கீட்டோ என்ற இழைப்பாசி. அதற்கு வேரும் இல்லை, பிடிமானமும் தேவையில்லை. தும்பு உருண்டையைப் போல நீரில் புரண்டபடியே வளரும். அதற்கடியில் மணலைக் கொட்டினால் பாசிக்கு லாபம் ஏதும் இல்லை, கழிவு படிய ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். கோலர்ப்பா என்ற பாசி தரையைப் பற்றிப் படர்கிற இனம். அதற்கு மணல் உதவும். கீட்டோ மட்டும் என்றால் வெறுங்கண்ணாடித் தளமும், ஏற்கெனவே ஓடுகிற தொட்டியிலிருந்து எடுத்த நாலு கல்லும் போதும் என்பது என் கட்சி. கொபிபொட்டுக்கு அந்தக் கல்லிடுக்குகளே தாராளம்.

மணல் வேண்டும் என்றே முடிவெடுத்தவர்கள் அதிகம் சறுக்குவது ஆழத்தில். இரண்டு மூன்று சென்ரிமீற்றர் என்றால் ஒட்சிசன் பெரும்பாலும் அடிவரை எட்டும். அழுக்குச் சேர்ந்தாலும் குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை நுண்மணல் போட்டால் அடிப்பகுதியில் ஒட்சிசன் அற்றுப்போகும். அங்கே வாழும் பக்டீரியாக்கள் நைத்திரேற்றில் உள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக வெளியேற்றும். இரண்டுக்கும் நடுவே ஆறேழு சென்ரிமீற்றர் போடுகிறவர்களுக்கு இரண்டு பலனும் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. கிளறித் துப்புரவு செய்யவும் முடியாது, நைத்திரேற்று இறங்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஆழம் சரியாக இருந்தாலும் படுக்கையின் பரப்பு முக்கியம். ஒரு சதுர அடிகூட இல்லாத அறையில் மணலை நிரப்பி, 300 லீற்றர் தொட்டியின் நைத்திரேற்றை அது இறக்கிவிடும் என்று காத்திருப்பது வீண் ஆசை.

மணியின் பருமனும் கவனிக்க வேண்டியது. அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரையிலான அரகனைற்று (கல்சியம் காபனேற்றின் ஒரு வகை) மணல் ஏற்றது. பருத்த முருகைச் சல்லி போட்டால் கழிவு இடுக்குகளில் இறங்கி அங்கேயே கிடந்து அழுகும். மாவாக இருக்கும் மணலோ பம்பிற்குள் போய் அதன் சுழலியைத் தேய்க்கும். மணல் அறைக்கும் பம்ப் அறைக்கும் இடையில் உயரமான தடுப்புக் கண்ணாடி இருக்கட்டும்.

இனிக் கடற்கரை மணல். வெள்ளையாக இருப்பதெல்லாம் முருகை மணல் அல்ல. அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெண்மணல் சிலிக்கா. சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மணலைக் கண்ணாடிக் குவளையில் இட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள். காபனேற்று மணல் அடியிலிருந்து பொருபொருவென்று குமிழ் விடும். சிலிக்கா சும்மா கிடக்கும். கலப்பு மணல் என்றால் சிப்பித்தூள் இருக்கும்வரை நுரைத்துவிட்டு அடங்கிவிடும், மணிகள் அப்படியே மிஞ்சும். சிலிக்கா வந்தால் பழுப்புப் பாசி தொட்டியை மூடிவிடும் என்ற பயம் மிகையானது. சிலிக்கா மணலில் இருக்கும் குவாட்ஸ் நீரில் கரைவது மிகமிகச் சொற்பம். அரகனைற்று போட்டுவிட்டதால் அது கரைந்து காரத்தன்மையைக் காக்கும், இனி அளக்கத் தேவையில்லை என்று இருப்பதும் அதே அளவு பிழை. தொட்டியின் பிஎச் 8.1, 8.2 இல் இருக்கும்போது அதுவும் கரையாது.

கடற்கரை மணலை அள்ளக்கூடாது என்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. இறங்குதுறைப் பக்கத்து மணலில் படகு எண்ணெயும் மீன்கழிவும் ஊறியிருக்கும். கடனீரேரிச் சேற்றை வளமானது என்று வாளியில் கொண்டுவருகிறவர்கள், தோட்ட உரத்தின் எச்சத்தையும் சல்பைட்டையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். அதோடு 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிக் கரையோர மணல் எடுப்பது குற்றம். நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகளைப் பார்த்து ஒன்றிரண்டு கல்லை உருவலாமே என்று தோன்றும். அது ஊரின் சொத்து, தொட்டி அலங்காரம் அல்ல.

உலர்ந்த மணலைக் கழுவக் கிணற்றுநீர் போதும். கடைசி அலசலை ஆர்.ஓ. நீரில் (சவ்வு வழியே வடிகட்டிய தூய நீர்) முடித்து நன்றாக வடித்துவிடுங்கள். ஆனால் ஆவியாகும் நீருக்கு ஈடாக அதே கிணற்றுநீரை ஊற்றாதீர்கள். வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். பாசி ஒரு பக்கம் குறைக்க, நீங்கள் மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். பக்டீரியா முதலிய உயிர்களோடு, உயிருள்ள மணல் என்று பொதியில் வருவதை நன்னீரில் கழுவினால் காசு கொடுத்து வாங்கிய உயிர்களைக் கொன்றதாகிவிடும்.

மின்வெட்டை மறந்து ஆழப் படுக்கை அமைப்பவர்களும் உண்டு. 30 பாகைச் சூட்டில் கடல்நீர் லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் தாங்கும்; பம்ப் நின்றால் அதையும் மணலிலுள்ள உயிர்கள் தின்று தீர்க்கும். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வைத்திருங்கள், ஆனால் காற்றுக்கல்லை மணலின்மேல் வைக்காதீர்கள்.

கண்ணாடியோரம் கறுப்புக் கோடு தெரிந்தால் பதறிக் குச்சியால் குத்திப் பார்க்க வேண்டாம். ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்புச் சல்பைட்டு அப்படித்தான் படியும். குத்தினால் கூழ்முட்டை நாற்றத்தோடு ஐதரசன் சல்பைட்டு வெளிவரும். அது மீனுக்கு நஞ்சு. பழைய படுக்கையை அகற்றுவதாக இருந்தால் நீரோட்டத்தை நிறுத்தி, அந்த அறையைப் பிரித்து, ஒரு மூலையை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுங்கள். கலங்கிய நீரை வெளியே ஊற்றிவிட்டு, சில வாரம் பொறுத்து அடுத்த மூலைக்குப் போங்கள்.