எல்லாரும் ‘மதகுரு’ அல்லர்: சமயச் செய்தி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 பிப்ரவரி 11 அன்று வத்திக்கானில் கர்தினால்கள் கூடியிருந்த அவையில், புனிதர் பட்டம் தொடர்பான வழக்கமான அலுவல் முடிந்த பிறகு, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இலத்தீன் மொழியில் ஓர் அறிக்கையைப் படித்தார். ஊடக அறையிலிருந்து திரையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்சா செய்தி நிறுவனத்தின் ஜொவான்னா கிர்ரிக்கு இலத்தீன் தெரியும். திருத்தந்தை பதவி விலகுகிறார் என்பதை உலகம் முதலில் அறிந்தது அவர் வழியாகத்தான். எல்லாச் செய்தியாளரும் இலத்தீன் கற்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் வேறுபாடு தெரியாதவரை வரவுசெலவுத் திட்டச் செய்திக்கு எந்த ஆசிரியரும் அனுப்புவதில்லை. சமயச் செய்திக்கோ அன்றைக்குக் கை ஓய்ந்திருப்பவர் யாராயினும் போதும் என்று நினைக்கிறார்கள். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நினைப்பில் பிறந்தவை.

முதலாவது, கிறித்தவக் குருவானவரை அச்சாக வைத்துக்கொண்டு மற்றச் சமயத்தார் அனைவரையும் அதில் வார்த்தெடுப்பது. யூத சமயத்தின் ரப்பி, பூசாரி அல்லர். சமயச் சட்டத்தைக் கற்று, கற்பித்து, ஐயம் தீர்க்கும் அறிஞர். பூசாரி மரபு யூதர்களிடம் தனியே உண்டு. ஆனால் அது கோஹன் எனப்படும் குடிவழியினருக்குப் பிறப்பால் வருவது, கி.பி. 70இல் எருசலேம் கோவில் அழிந்தபின் அவர்களுடைய பலியிடும் பணியும் நின்றுபோனது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். ரப்பி இருந்தாக வேண்டும் என்பதில்லை. சுன்னி முஸ்லிம்களிடையே இமாம் என்பவர் தொழுகையை முன்னின்று நடத்துபவர். அவருக்குக் குருப்பட்டம் போன்ற சடங்கு ஏதும் கிடையாது. ஷியாக்களில் பெரும்பான்மையினருக்கு அதே சொல், நபியின் குடும்பத்தைச் சேர்ந்த பன்னிரு தலைவர்களை முதன்மையாகக் குறிக்கும். எல்லாரையும் ‘மதகுரு’ என்று எழுதிவிட்டால் இந்த வேறுபாடுகள் அத்தனையும் வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன.

பயிற்சியைப் பற்றி எழுதும்போது பிழைகள் இன்னும் பெருகுகின்றன. குருமாணவரைப் பயிற்றுவிக்க, ஆயர் (பிஷப்) ஒருவரின் ஆளுகைக்குட்பட்ட பகுதிகளான மறைமாவட்டங்கள் குருமடங்களை நிறுவ வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை விதித்தது 1563இல், திரெந்து பொதுச்சங்கத்தில். இன்றைய திருச்சபைச் சட்டம் இரண்டாண்டு மெய்யியல், நான்காண்டு இறையியல் என ஆறாண்டுக்கான கல்வியைக் கேட்கிறது; குருவாக 25 வயது நிரம்பியிருக்க வேண்டும்; அதற்கு முன் திருத்தொண்டர் பட்டம் பெற வேண்டும். இந்த இடைப்படியைத் தெரியாதவர்கள், திருத்தொண்டர் ஆனவரையே குருவாகிவிட்டார் என்று எழுதிவிடுகிறார்கள். குருப்பட்ட விழாவின் படங்களையும் பாருங்கள். தரையில் முகம் குப்புறக் கிடக்கும் இளைஞர்களின் படம்தான் பெரும்பாலும் அச்சாகிறது. ‘ஆயரின் காலில் விழுந்து ஆசி பெற்றனர்’ என்று அதற்கு விளக்கமும் எழுதப்படுகிறது. அவர்கள் யார் காலிலும் விழவில்லை. புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடப்படும்போது இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக் கிடக்கிறார்கள். அவர்களைக் குருவாக்கும் செயல் அதன்பின், பாட்டும் பேச்சும் இல்லாமல், ஆயர் ஒவ்வொருவர் தலைமீதும் கைகளை வைக்கும்போதும் அதைத் தொடரும் மன்றாட்டிலுமே நிகழ்கிறது. ஒளிப்படக்காரர் கருவியை மூடிவைத்துவிடுவது பல வேளைகளில் அந்த அமைதியான நேரத்தில்தான்.

‘ஏழ்மை வாக்குக் கொடுத்தவர் மகிழுந்து வைத்திருக்கிறார்’ என்ற வகைச் செய்தியிலும் இதே குறை இருக்கிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு துறவற சபையினருக்கு உரியது. மறைமாவட்டக் குருக்கள் அதை எடுப்பதில்லை. எளிமையாக வாழ வேண்டிய கடமை அவர்களுக்கும் உண்டு, ஆனால் கொடுக்காத வாக்கை மீறியதாக ஒருவர்மீது குற்றம் சாட்ட முடியாது.

இசுலாமியக் கல்வியைப் பற்றிய செய்திகளில் மதரஸா என்ற சொல்லே ஐயத்துக்குரியதாக ஒலிக்கும்படி ஆக்கிவிட்டார்கள். அரபியில் அதற்குப் பள்ளி என்பதற்கு மேல் பொருள் இல்லை. அங்கே பயில்வோரிலும் படிநிலைகள் உண்டு. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர் ஹாபிழ். சிறுவயதிலேயே அந்நிலையை அடைந்தவர்கள் பலர். அரபு இலக்கணம், நபிமொழி, சட்டவியல் முதலியவற்றைப் பல ஆண்டுகள் கற்றுத் தேர்ந்தவர் ஆலிம். பன்னிரண்டு வயது ஹாபிழை ‘மார்க்க அறிஞர்’ என்று எழுதினால் முதலில் சிரிப்பவர் அந்தச் சிறுவனின் ஆசிரியராகத்தான் இருப்பார். ஷியாக்களுக்குரிய, ஈராக்கின் நஜாஃப், ஈரானின் கும் நகரக் கல்விக்கூடங்களில் உயர்படிப்புக்குக் குறித்த கால எல்லையே இல்லை. ஆதாரங்களிலிருந்து தாமே சட்டம் வகுக்கும் தகுதியை ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளும்வரை படிப்பு நீளும்.

பௌத்தத்தில் தவறு வேறு வகையானது. தேரவாத மரபில் இருபது வயதுக்குக் குறைந்தவர் சாமணேரராக, அதாவது இளந்துறவியாக மட்டுமே இருக்கலாம். பிக்கு என்ற முழுத் துறவி நிலையும் 227 விதிகளும் அதற்குப் பிறகுதான். தாய்லாந்தில் மழைக்கால மூன்று மாதங்களுக்கு மட்டும் சீவரம் என்னும் துறவாடை அணிந்து, பிறகு வீடு திரும்புவது ஆண்களிடையே நெடுநாள் மரபு. அப்படித் திரும்பிய புகழ்பெற்ற ஒருவரைத் ‘துறவறத்தைத் துறந்தார்’ என்று பரபரப்புச் செய்தியாக்குவது, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவரை வேலையிழந்தவர் என்று எழுதுவதற்கு ஒப்பானது.

ஒருவருடைய சொல் யாரை எந்த அளவுக்குக் கட்டும் என்று விசாரிக்காமல் எழுதுவதே எல்லாவற்றிலும் பெரிய தீங்கைச் செய்கிறது என்பேன். ஃபத்வா என்பது, கேட்கப்பட்ட கேள்விக்குச் சமயச் சட்டம் அறிந்தவர் தரும் கருத்து. தொழுகை, வட்டி, மருத்துவம் என்று அன்றாட வாழ்வைப் பற்றியதாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஒருவர் தந்த ஃபத்வாவுக்கு மாறான கருத்தை இன்னொருவர் தருவதும் இயல்பு. 1989இல் அன்றைய ஈரான் தலைவர் அயத்துல்லா கொமேனி ஓர் எழுத்தாளரைக் கொல்லச் சொல்லி வெளியிட்ட ஆணைக்குப் பிறகு, அச்சொல்லே மரண தண்டனையைக் குறிப்பதுபோல ஊடக மொழி மாறிவிட்டது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஷியாக்கள் துக்கம் காக்கும் முகர்ரம் என்றால் குருதி வழியும் தலைகளையே படம் பிடிக்கிறார்கள். அவ்வாறு வாளால் தலையைக் கீறிக்கொள்வது கூடாது என்று கொமேனிக்குப் பின் ஈரானின் தலைவரான அலீ காமேனி 1994இல் அறிவித்ததையோ, அதைப் பற்றி ஷியா அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருப்பதையோ எழுதுவோர் குறைவு.

திருத்தந்தை வானூர்தியில் செய்தியாளரிடம் சொன்ன ஒரு பதிலைத் ‘திருச்சபைச் சட்டம் மாறியது’ என்று தலைப்பிடுவதும் இவ்வகைதான். திருத்தந்தை ஒரு கோட்பாட்டை முறைப்படி அறிவிக்கும்போது தவறமாட்டார் என்னும் தவறாவரம் 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில் வரையறுக்கப்பட்டது. அதன்பின் ஒரு கோட்பாட்டை அவ்வாறு முறைப்படி அறிவித்தது 1950இல், மரியாவின் விண்ணேற்பு குறித்து. உரையாடலுக்கும் சட்டத்துக்கும் இடையே பல படிகள் இருக்கின்றன. திருச்சபையின் உறவிலிருந்து ஒருவரை விலக்கும் சபை விலக்கமும் குருத்துவ நிலையிலிருந்து நீக்கமும் வெவ்வேறு என்பதையும், முன்னது குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கும் நேரக்கூடியது என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இவற்றில் பலவற்றைத் தவிர்க்க நூலகம் தேவையில்லை. எதிரில் இருப்பவரிடமே மூன்று கேள்விகள் கேட்கலாம்: உங்களை எவ்வாறு குறிப்பிட வேண்டும், அந்தப் பட்டத்தை வழங்கியவர் யார், நீங்கள் சொல்வதை ஏற்கக் கடமைப்பட்டவர்கள் யார். தமிழில் எழுதுவோருக்கு முதல் கேள்வி இன்னும் இன்றியமையாதது. கத்தோலிக்கர் வழக்கில் ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், பேராயர் அவருக்கும் மேற்பட்ட நிலையினர். தென்னிந்தியத் திருச்சபையினர் வழக்கிலோ பேராயரே மறைமாவட்டத் தலைவர், ஆயர் என்பது ஒரு சபையின் போதகரையும் குறிக்கும். அழைப்பிதழில் உள்ள சொல்லை அப்படியே எடுத்தெழுதும் செய்தியாளர், எந்தத் திருச்சபையின் அழைப்பிதழ் அது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.