கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கும்போது

நெற்றியில் கை வைத்துப் பார்த்து மட்டும் காய்ச்சலை முடிவு செய்யாதீர்கள். கைக்குழந்தைக்கு எண் முக்கியம். பாதரச தெர்மாமீட்டர் வேண்டாம், உடைந்தால் ஆபத்து. முனை வளையும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். காதில் வைத்துப் பார்க்கும் வகை 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சரிவராது; காதுத் துளை அவ்வளவு சிறியது.

வீட்டில் அக்குளில் பார்ப்பதுதான் எளிது. வியர்வையைத் துடைத்துவிட்டு, முனை துணியில் படாமல் தோலில் படும்படி வைத்து, குழந்தையின் கையை உடம்போடு சேர்த்து மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பீப் சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள், பாதியில் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். குளிப்பாட்டிய உடனேயோ, கனமாகப் போர்த்தியிருந்த குழந்தையைத் தூக்கிய உடனேயோ பார்த்தால் அளவு தப்பும். கால் மணி நேரம் பொறுங்கள். அப்புறம் முனையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து வையுங்கள்.

அக்குள் அளவு உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நீங்களாகக் கூட்டிச் சொல்லாமல், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் வந்துவிட்டால், நள்ளிரவானாலும் சரி, உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். சொட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எண் குறைவாக இருந்தும் குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், அப்போதும் கிளம்பிவிட வேண்டும்.