ஃபால்சிஃபை (falsify): இந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

மாணவர்களுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்குப் போன வருடம் ஒரு கட்டுரை மொழிபெயர்த்தேன். 1919ஆம் ஆண்டு சூரிய கிரகணம் பற்றியது. கிரகணத்தின்போது எடுத்த படங்கள் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை 'ஃபால்சிஃபை' செய்திருக்கக்கூடும் என்று அதில் ஒரு வரி. நான் 'திரித்திருக்கக்கூடும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் போனில் கூப்பிட்டார். "யார் சார் திரிச்சது? வானியலாளருங்க மோசடி பண்ணாங்கன்னு வருதே?"

அன்று அந்தப் பக்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்து படித்ததுதான் இந்தப் பதிவு. புதிதாக மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு உதவும்.

படி 1: எதை ஃபால்சிஃபை செய்கிறார்கள்?

சொல்லை விடுங்கள், முதலில் அதன் செயப்படுபொருளைப் பாருங்கள். கணக்குப் புத்தகம், பில், சான்றிதழ், வருகைப் பதிவேடு, சோதனை அளவீடுகள் என்று இருந்தால் பேச்சு மோசடியைப் பற்றியது. கோட்பாடு, கருதுகோள், கணிப்பு என்று இருந்தால் அது தவறென்று நிறுவுவதைப் பற்றியது. லத்தீனில் 'பொய்', 'செய்' என்ற இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் இது. உண்மையாக இருந்ததைப் பொய்யாக மாற்றுவதும் அதில் அடங்கும், பொய்யாக இருப்பதைப் பொய் என்று காட்டுவதும் அடங்கும்.

ஒரே ஆய்வகத்தில் ஒருவர் தரவை ஃபால்சிஃபை செய்தால் வேலை போய்விடும். அவரே ஒரு கருதுகோளை ஃபால்சிஃபை செய்தால் அது நல்ல அறிவியல். மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் சறுக்கினால் நேர்மையான மனிதரைக் குற்றவாளியாக்கிவிடுவார்.

படி 2: மோசடிப் பொருளுக்கு வினை தேடுவது

'பொய்க்கணக்கு எழுதினார்', 'பதிவேட்டில் பொய்யாக மாற்றி எழுதினார்' என்பவை எனக்குப் பிடித்தவை. 'திரித்தார்' என்பதைப் பேச்சுக்கும் செய்திக்கும் வைத்துக்கொள்வேன், ஏட்டுக்கு அது ஒட்டாது. 'திருத்தினார்' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். தப்பைச் சரிசெய்வதும் திருத்துவதுதான், சரியை அழித்து எழுதுவதும் திருத்துவதுதான். வாசகர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, ஃபால்சிஃபை செய்ய எதையாவது எழுதித்தான் ஆகவேண்டும் என்றில்லை, விட்டுவிடுவதும் சேரும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 477ஏ பிரிவு கணக்குகளைப் பொய்யாக்குவதைப் பற்றியது. ஏமாற்றும் நோக்கத்தோடு ஒரு முக்கியமான விவரத்தை ஏட்டில் எழுதாமல் விடுவதும் அதன்படி குற்றம், ஏழு ஆண்டுகள் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 344ஆவது பிரிவு இருக்கிறது.

படி 3: நான் தடுக்கிய இடம்

தவறென்று நிறுவுவது என்ற பொருளை அறிவியல் பேச்சில் பரப்பியவர் கார்ல் பாப்பர், வியன்னாவில் பிறந்த தத்துவ அறிஞர். 1919இல் அவருக்குப் பதினேழு வயது. அந்த மே 29 கிரகணத்தை ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டன் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பி தீவிலிருந்து படமெடுத்தார், இன்னொரு குழு பிரேசிலின் சோப்ராலில் இருந்தது. சூரியனின் விளிம்பை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. நியூட்டன் வழியில் போட்டால் அதில் பாதிதான் வரும். படத்தில் நட்சத்திரங்கள் அந்த அளவுக்கு இடம் மாறித் தெரியாவிட்டால் கோட்பாடு விழுந்திருக்கும். விழக்கூடிய இடத்தை முன்கூட்டியே காட்டிய அந்தத் துணிச்சல்தான் பாப்பரை ஈர்த்தது. 1934இல் வெளிவந்த தன் நூலில் அறிவியலுக்கு அதையே அடையாளமாக வைத்தார்.

இந்தப் பொருளுக்கு நான் இப்போது 'பொய்ப்பித்தல்' என்று எழுதுகிறேன். மழை பொய்த்தது என்கிறோமே, அதே பொய்த்தல். மழையை யாரும் மோசடி செய்யவில்லை, எதிர்பார்த்தது நடக்கவில்லை, அவ்வளவுதான். கோட்பாடு பொய்ப்பதும் அப்படித்தான். அந்தச் சொல் வாசகருக்குப் புதிது என்று தோன்றினால் 'தவறென்று நிறுவுதல்' போதும். இதழில் கடைசியில் அச்சானது: "படங்கள் வேறுவிதமாக அமைந்திருந்தால் ஐன்ஸ்டைனின் கோட்பாடு பொய்த்திருக்கும்."

'ஃபால்சிஃபையபிள்' வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 'பொய்யாகக்கூடியது' என்று எழுதினால் திட்டுவது போல இருக்கிறது, ஆனால் மூலத்தில் அது பாராட்டு. 'சோதித்துத் தவறென்று காட்ட வழியுள்ளது' என்று நீட்டியே எழுதுங்கள். அதற்கு எதிர்ச்சொல்லான 'அன்ஃபால்சிஃபையபிள்' என்பதை 'மறுக்க முடியாத உண்மை' என்று மொழிபெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். அது தலைகீழ். எந்தச் சோதனைக்கும் பிடிகொடுக்காத கூற்று என்பதே பொருள்.

படி 4: பங்காளிச் சொற்கள்

800 ரூபாய் மருத்துவ பில்லில் முன்னால் ஒரு 8 சேர்த்து 8,800 ஆக்கினால் ஃபால்சிஃபை. போகாத ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பில்லே தயாரித்தால் ஃபேப்ரிகேட், அதாவது இட்டுக்கட்டுவது. டாக்டர் கையெழுத்தை நாமே போட்டால் ஃபோர்ஜ். கள்ளநோட்டு, போலி பிராண்டு சரக்கு என்றால் கவுண்டர்ஃபீட். பேச்சு வழக்கில் இவை ஒன்றோடொன்று கலக்கும். ஆய்வு நெறி பற்றிய கட்டுரைகளில் முதல் இரண்டையும் தனித்தனிக் குற்றமாகவே எண்ணுவார்கள், அங்கே கலக்காதீர்கள்.

அகராதி என்று கேட்டால் மெரியம்-வெப்ஸ்டர்தான் என் முதல் தேர்வு. இணையத்தில் இலவசம், தவறென்று நிறுவும் பொருளையும் சேர்த்தே தருகிறது. கற்போருக்கான சிறிய அகராதிகளை மட்டும் நம்பினால் மோசடிப் பொருளோடு நின்றுவிடுவீர்கள். என் முதல் தவறு அப்படி வந்ததுதான்.

பிற்சேர்க்கை: மருந்தாளுநரான வாசகர் ஒருவர், உலக சுகாதார நிறுவன அறிக்கையில் வரும் 'ஃபால்சிஃபைடு' மருந்துகளை எப்படி எழுதுவது என்று கேட்டார். படி 4இன்படி பார்த்தால் நல்ல மருந்தில் எதையோ மாற்றியது என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. தான் என்ன, தனக்குள் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தேன் என்பதில் வேண்டுமென்றே பொய் சொல்லும் மருந்து அது. மாத்திரை முழுவதுமே சுண்ணாம்பாக இருக்கலாம். முன்பு கவுண்டர்ஃபீட் என்ற சொல்லும் சேர்ந்தே வந்தது. அது வணிகச் சின்னப் பிரச்சினையோடு குழம்புவதால் 2017இல் அதைக் கைவிட்டார்கள். தமிழில் 'போலி மருந்து' என்றே எழுதுங்கள். உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்தும் தரம் குறைந்துபோனது வேறு வகை, அதற்குத் 'தரமற்ற மருந்து'. இரண்டையும் 'போலி' என்று ஒரே பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.