படைப்பா, பரிணாமமா? மனித உடல் வேறுபாடுகளைச் சான்றாகக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லோரும் ஒரே தாய் தந்தையின் வழிவந்தவர்கள் என்றால் ஒருவர் கருமையாகவும் மற்றொருவர் வெளுப்பாகவும், ஒருவர் நெடியவராகவும் மற்றொருவர் குள்ளமாகவும் இருப்பது எப்படி என்று படைப்புக் கொள்கையை ஏற்காதவர்கள் கேட்கிறார்கள். அந்தந்த நிலத்தின் வெயிலுக்கும் குளிருக்கும் உயரத்துக்கும் இவ்வளவு பொருத்தமான உடல்கள் யாரும் திட்டமிடாமல் எப்படி அமையும் என்று பரிணாமத்தை ஏற்காதவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டும் நல்ல கேள்விகள்தாம்; பதில்கள்தாம் பெரும்பாலும் தடம் புரள்கின்றன. மனிதர்களின் உடல் வேறுபாடு, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்ற வழக்கில் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. ஆனால் அந்த வேறுபாடு எவ்வளவு காலத்தில், எந்த வழியாக உண்டாயிற்று என்று யாராவது திட்டவட்டமாகச் சொன்னால், அந்தக் கூற்றைச் சோதிக்க அதுவே நல்ல உரைகல். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதே முதல் தவறு. மற்றவற்றில் பல இதிலிருந்து கிளைப்பவை.

விவாதம் தொடங்கும்போதே வேறுபாட்டின் அளவை மிகைப்படுத்திவிடுவது இரு தரப்புக்கும் பொதுவான பிழை. மனித மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள் இருக்கின்றன. உறவற்ற இருவரை ஒப்பிட்டால் அவற்றில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மாறியிருக்கும். 1972இல் மரபணுவியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் ரத்த வகைகளையும் புரதங்களையும் கொண்டு கணக்கிட்டபோது, மனிதர்களிடையே உள்ள மரபுவழி வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருப்பதாகக் கண்டார். காமரூன் பகுதியில் ஓர் ஆறு மட்டுமே பிரிக்கும் சிம்பன்சிக் கூட்டங்களுக்கு இடையே, வெவ்வேறு கண்டங்களில் வாழும் மனிதர்களுக்கு இடையே இருப்பதைவிட அதிக மரபணு வேறுபாடு இருப்பதாக 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. கண்ணுக்கு முதலில் படுகிற தோலும் முடியும் முகவெட்டும் உள்ளே இருப்பதன் அளவுகோல்கள் அல்ல. அதே வேளையில், வேறுபாடே இல்லை என்று எதிர் எல்லைக்குத் தாவுவதும் தவறுதான். ஒருவருடைய முன்னோர் எந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள் என்பதை மரபணுக்களைக் கொண்டு பெருமளவுக்குக் கணிக்க முடிகிறது. வேறுபாடு சிறியது, ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

மிகப் பரவலான பிழை வெயிலைப் பற்றியது. "வெப்ப நாட்டில் வாழ்ந்ததால் தோல் கறுத்தது, குளிர் நாட்டுக்குப் போனதால் வெளுத்தது" என்ற வாக்கியத்தைப் படைப்பை நம்புகிறவரும் சொல்கிறார், பரிணாமத்தை ஆதரிப்பவரும் சொல்கிறார். சொல்லும் விதத்தில் இருவருமே தவறுகிறார்கள். வெயிலில் கறுத்த தோல் பிள்ளைக்குப் போவதில்லை. உடல் தன் வாழ்நாளில் பெறும் மாற்றம் விந்து, முட்டை ஆகிய கருவணுக்களில் பதிவதில்லை என்பதைக் காட்ட, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் முழு வாலுடனேயே பிறந்தன. நடப்பது வேறு. ஒரு கூட்டத்தில் ஏற்கெனவே பல நிறச் சாயல்கள் இருக்கும். மரபணுவில் புதிய மாற்றங்களும் அவ்வப்போது நேரும். குறிப்பிட்ட சூழலில் எந்தச் சாயல் உடையவர்கள் சற்று அதிகமான நலமுள்ள பிள்ளைகளை விட்டுச் செல்கிறார்களோ, அந்தச் சாயலுக்குரிய மரபணு வடிவம் நூற்றுக்கணக்கான தலைமுறைகளில் பெருகும். மாறுவது தனிமனிதரின் உடல் அல்ல, கூட்டத்தில் அந்த வடிவம் காணப்படும் விகிதம்.

வெயில் இதில் என்ன செய்கிறது என்பதற்கு நினா ஜப்லோன்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. கடுமையான புற ஊதாக் கதிர்கள் உடலிலுள்ள ஃபோலேட் என்ற வைட்டமினைச் சிதைக்கின்றன. கருவிலுள்ள குழந்தையின் நரம்பு மண்டலம் சரியாக உருவாக அது இன்றியமையாதது. எனவே நிலநடுக்கோட்டுக்கு அருகே, கருமை தரும் நிறமியான மெலனின் மிகுந்த தோல் ஒரு கவசம். துருவத்தை நோக்கிப் போகப் போகக் கதிர்கள் வலுவிழக்கின்றன. அங்கே தோல் வைட்டமின் டி தயாரிக்கவே அவை போதாமல் போவதால், அடர்ந்த மெலனின் தடையாகிறது. இந்த இரு தேவைகளுக்கும் இடையேயான இழுபறியே உலக வரைபடத்தில் நிறங்கள் படிப்படியாக மங்கிச் செல்வதற்குக் காரணம். கோடு கிழித்து இங்கிருந்து கறுப்பு, இங்கிருந்து வெள்ளை என்று பிரிக்கும் இடம் எதுவும் இல்லை.

இதிலிருந்து இன்னொரு தவறும் பிறக்கிறது: ஒரு "மூல நிறம்" இருந்தது, பிறகு அது ஒரே திசையில் மாறியது என்று நினைப்பது. ஐரோப்பியர்களின் வெளிர் தோலுக்குப் பெரும் பங்களிக்கும் மரபணு வடிவம் ஒன்று 2005இல், வரிக்குதிரை மீன்களில் செய்த ஆய்வின் வழியாக அடையாளம் காணப்பட்டது. அதே வடிவம் தெற்காசியாவிலும் பலரிடம் இருக்கிறது. கிழக்காசியர்களின் வெளிர் நிறத்திலோ வேறு மரபணு மாற்றங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆப்பிரிக்க மக்களிடையே சாரா டிஷ்காஃப் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கருமைக்கும் வெளுப்புக்கும் உரிய வடிவங்களில் சில நம் இனம் தோன்றுவதற்கும் முற்பட்ட பழமை உடையவை என்று காட்டியது. ஆதி மனிதன் என்ன நிறம் என்று அடித்துச் சொல்கிறவர்கள், அவர்கள் எந்தத் தரப்பினராக இருந்தாலும், சான்று தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறார்கள்.

பரிணாமத்தின் பக்கம் நிற்பவர்களுக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. ஒவ்வோர் அங்க அமைப்புக்கும் ஒரு பயன் கற்பித்துக் கதை சொல்வதே அது. இமையின் மடிப்பு பனிக்காற்றைத் தடுக்க, மூக்கின் அகலம் இதற்காக, உதட்டின் தடிமன் அதற்காக என்று சோதனையின்றி அடுக்கினால், எல்லாவற்றுக்கும் கடவுளின் நோக்கம் சொல்கிறவரின் பேச்சுக்கும் இந்தப் பேச்சுக்கும் அறிவியல் அளவில் வேறுபாடு இல்லை. சிறிய கூட்டங்கள் பிரிந்து புதிய இடங்களுக்குச் செல்லும்போது, எந்தப் பயனும் இல்லாத கூறுகள் கூடத் தற்செயலாகப் பெருகலாம் அல்லது மறையலாம். துணையைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள விருப்பு வெறுப்பும் பங்கு வகித்திருக்கலாம் என்று டார்வின் 1871இலேயே எழுதினார். பயன் நிறுவப்பட்ட எடுத்துக்காட்டுகள் இருக்கும்போது ஊகங்களை நாட வேண்டியதில்லை. அரிவாள் செல் மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உடையவர்களை அது கடுமையான மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954இல் ஆந்தனி ஆலிசன் காட்டினார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெறும் பிள்ளைக்கோ அது கொடிய ரத்த நோயாகிறது. பொருத்தம் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நேரடித் திட்டமிடலுக்கு வாதாடுகிறவர்கள் இந்த விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, "படைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லா மதங்களையும் அடைத்துவிடும் தவறு. குர்ஆன் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதையே இறைவனின் அத்தாட்சியாகச் சொல்கிறது (30:22). வேறுபாடு அங்கே விளக்க வேண்டிய சிக்கலாகவே எழவில்லை. விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள், எல்லா இனத்தாரும் ஒருவரிலிருந்து தோன்றியதாகக் கூறுகிறது (17:26). மனித உடலின் பரிணாமத் தோற்றத்தை ஆராயத் தடையில்லை என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். ஆனால் ஆதாமின் வழிவராத மனிதர்கள் இருந்தார்கள் என்ற கருத்தை ஏற்க மறுத்தார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு பாடல் புருஷனின் உடலிலிருந்து உலகம் பிறந்ததைச் சொல்ல, இன்னொன்று இந்தப் படைப்பு எப்படி வந்ததென்று மேலிருந்து காண்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்ற ஐயத்துடன் முடிகிறது. நவீன பரிணாமக் கொள்கையை உருவாக்கியவர்களில் ஒருவரான தியடோசியஸ் டோப்ஷான்ஸ்கி, தாம் படைப்பையும் பரிணாமத்தையும் ஒருங்கே ஏற்பவர் என்று 1973இல் எழுதினார். எந்தப் படைப்பு என்று கேட்காமல் வாதிடுவது வீண்.

உண்மையில் மோதல் எழும் இடம் காலக்கணக்கு. ஐரிஷ் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் விவிலிய வம்சாவளிகளைக் கூட்டிப் படைப்பை கி.மு. 4004 என்றும், நோவாவின் பெருவெள்ளத்தை ஏறக்குறைய கி.மு. 2350 என்றும் கணித்தார். இந்த ஆண்டுகளை அப்படியே ஏற்பவர்களில் பலர் மாற்றத்தையே மறுப்பதாக எண்ணுவது தவறு. ஒரே வகைக்குள் இயற்கைத் தேர்வு நடப்பதை அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், சொல்லப்போனால் வெள்ளத்துக்குப் பின் அது மிக வேகமாக நடந்தது என்கிறார்கள். அந்த வேகம்தான் சிக்கல். எகிப்தில் முதலாம் சேத்தி மன்னனின் கல்லறைச் சுவரில் நான்கு வகை மக்கள் வெவ்வேறு தோல் நிறங்களுடன் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறை கி.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஒரே குடும்பத்திலிருந்து ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுக்குள் இந்த வேறுபாடுகள் முழுதும் உருவாகி, பிறகு மூவாயிரம் ஆண்டுகளாக ஏறத்தாழ அப்படியே நின்றுவிட்டன என்று கொள்ள வேண்டியிருக்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் இதைவிடக் கடினமான கணக்கை முன்வைக்கிறது. ஆதாம், ஏவாள் என்ற இருவரிடம் ஒரு மரபணுவின் நான்கு வடிவங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆனால் உறுப்பு மாற்றத்தின்போது பொருத்தம் பார்க்கப்படும் மரபணுக்களில் சிலவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான வடிவங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் பல புதியவை என்று சொல்லலாம். அந்த வடிவங்களின் சில மரபுவழிகள் சிம்பன்சிகளிடமும் காணப்படுவதை அப்படிச் சொல்லிக் கடக்க முடியாது.

இங்கே "மைட்டோகாண்ட்ரிய ஏவாள்" என்ற பெயர் இரு பக்கத்திலும் தவறாகக் கையாளப்படுகிறது. மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பில் இருந்து, தாய்வழியாக மட்டும் செல்லும் மரபுப் பொருளைப் பின்னோக்கித் தொடர்ந்தால், இன்றுள்ள அனைவருக்கும் பொதுவான ஒரு பெண்ணைச் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் சந்திக்கிறோம் என்று 1987இல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அவள் அன்று வாழ்ந்த ஒரே பெண் அல்லள். மற்றவர்களின் தூய தாய்வழிக் கோடுகள் இடையில் எங்கோ மகள்கள் இன்றி நின்றுபோயின, அவ்வளவுதான். மரபணு வேறுபாட்டின் அளவைக் கொண்டு கணிக்கும்போது நம் முன்னோரின் கூட்டம் நீண்டகாலச் சராசரியில் பத்தாயிரம் பேர் என்ற அளவில் இருந்திருக்க வேண்டும். இதை அறிந்த இறையியலாளர் சிலர், ஆதாமும் ஏவாளும் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே வாழ்ந்து, வம்சாவளி அளவில் பின்னர் எல்லோருக்கும் முன்னோர் ஆனவர்கள் என்று விளக்குகிறார்கள். மரபணுவியல் இதை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பரிணாமத்தை ஆதரிப்பவர்களும் கிளைவிட்ட மரம் போன்ற எளிய படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள்தாம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 விழுக்காடு, மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்பது 2010க்குப் பின் தெளிவாயிற்று. திபெத்தியர்கள் ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வாழத் துணைபுரியும் மரபணு வடிவம், மறைந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து கலப்பின் வழியே வந்தது என்று 2014இல் அறியப்பட்டது. இது மரத்தைவிட, பிரிந்து பிரிந்து மீண்டும் கலக்கும் ஆற்றுக் கால்களைப் போன்றது.

நூலில் இல்லாததை நூலின் பெயரால் சொல்லும் தவறு எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு செய்தது. நோவாவின் மகன் காம் சபிக்கப்பட்டதால் அவன் வழிவந்தோர் கறுப்பர்களாயினர் என்ற கதையைக் காட்டிப் பல நூற்றாண்டுகள் அடிமை முறைக்கு நியாயம் கற்பித்தார்கள். ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், சாபம் காமின் மீது அன்று, அவன் மகன் கானானின் மீது விழுகிறது; தோல் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இதற்கு மறுபக்கமாக, நிறவெறி டார்வினிடமிருந்து தொடங்கியது என்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாதது. டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் பரிணாமச் சிந்தனையின் நிழலில் நின்றே மேம்பட்ட மனிதரைப் பெருக்கும் திட்டத்தை வகுத்து, 1883இல் அதற்குப் பெயரும் சூட்டினார் என்பது உண்மை. டார்வினிடமும் தம் காலத்து ஏற்றத்தாழ்வுப் பார்வை படிந்திருந்தது. ஆனால் அவருடைய முதன்மை நூல் வெளிவந்த 1859க்கு முன்பே அமெரிக்காவில் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளை அளந்து இனங்களைத் தரவரிசைப்படுத்திவிட்டார். மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை, ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல என்று வாதிட்ட ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி, பரிணாமத்தைத் தம் இறுதிக்காலம் வரை ஏற்கவில்லை. அந்த ஒரு கேள்வியில், எல்லோரும் ஒரே குடும்பத்தவர் என்று நம்பிய எளிய கிறிஸ்தவர்களும், எல்லா மனிதரும் ஒரே மூலத்தினர் என்று 1871இல் எழுதிய டார்வினும் அகாசிக்கு எதிரே ஒரே பக்கத்தில்தான் நின்றார்கள்.