ஸ்டோரிலைன் கோப்பைப் பகிர்வு ஃபோல்டரில் வைத்தே திறக்காதீர்கள்

ஸ்டோரிலைன் என்ற மென்பொருளில் ஆன்லைன் பாடங்களைத் தயாரிக்கும் இ-லேர்னிங் குழுக்களில் புராஜெக்ட் கோப்பு கெட்டுப்போனால் உடனே சாஃப்ட்வேரைத் திட்டுவார்கள். நான் பார்த்தவரை பாதிச் சமயம் பழி வேறு இடத்தில்தான் இருக்கும்: ஆபீஸ் சர்வரிலோ பென் டிரைவிலோ கூகுள் டிரைவ் ஃபோல்டரிலோ கிடக்கும் கோப்பை அங்கேயே திறந்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே சேமித்திருப்பார்கள்.

ஸ்டோரிலைனின் கோப்பு வெளியே பார்க்க ஒன்றுதான். உள்ளே ஸ்லைடுகள், படங்கள், ஆடியோ, வீடியோ என்று நூற்றுக்கணக்கான துண்டுகளைச் சுருக்கிக் கட்டிய பொட்டலம் அது. சேமிக்கும் நேரத்தில் நெட்வொர்க் ஒரு கணம் அறுந்தாலோ, பாதி எழுதிய நிலையில், ஃபோல்டரை இணையத்தோடு ஒத்திசைக்கும் சின்க் மென்பொருள் அதைத் தூக்கிக்கொண்டு போனாலோ, அடுத்த முறை அது திறக்காமல் போகலாம். அதனால்தான் ஸ்டோரிலைனைத் தயாரிக்கும் ஆர்டிகுலேட் நிறுவனமே கணினியின் சொந்த டிஸ்க்கில் வைத்து வேலை செய்யச் சொல்கிறது.

"நான் டெஸ்க்டாப்பில்தானே வைத்திருக்கிறேன்" என்பவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் ஒன்டிரைவுக்குள்தான் இருக்கும். கோப்பின் ப்ராப்பர்டீஸில் இருப்பிடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டர் போட்டு வைத்துக்கொள்வது நிம்மதி. பாதையும் (கோப்பு இருக்கும் ஃபோல்டர்களின் முழு முகவரி) நீளாது; பாதையும் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் தடுமாறும். வாடிக்கையாளர் பெயர், துறை, மாட்யூல், மொழி என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடுகிறது.

வேலை முடிந்ததும் மென்பொருளை மூடிவிட்டு, கோப்பைப் பகிர்வு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். திறந்து வைத்துக்கொண்டே நகலெடுக்க வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பேர் ஒரே கோப்பில் கைவைப்பது. கூகுள் டாக்ஸில் பழகியவர்களுக்கு இது தவறாகவே தோன்றாது. ஆனால் பகிர்வு ஃபோல்டரில் கிடக்கும் ஸ்டோரிலைன் கோப்பில் இருவரின் மாற்றங்களும் தானாக ஒன்று சேராது. ஒருவர் க்விஸ்ஸைத் திருத்துகிறார், இன்னொருவர் ஆடியோவை மாற்றுகிறார் என்று வையுங்கள். கடைசியாகச் சேமித்தவருடையது நிற்கும், மற்றவர் உழைப்பு போகும். டிராப்பாக்ஸ் போன்றவை முரண்பட்ட நகல் என்று இன்னொரு கோப்பை உருவாக்கித் தரும். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்லைடு ஸ்லைடாக ஒப்பிடுவதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். கோப்பு இப்போது யார் கையில் என்று ஒரு ஷீட்டில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அவசரமாக இருவரும் செய்தாக வேண்டுமென்றால் சீன் (பாடத்தின் ஒரு பகுதி) வாரியாகத் தனிக் கோப்புகளாகப் பிரித்துக்கொண்டு, கடைசியில் ஒருவர் இம்போர்ட் செய்து சேர்க்கட்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கோப்பின் பெயரில் 'ஃபைனல்' என்று எழுதாதீர்கள். வாடிக்கையாளர் இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் என்ன ஃபைனல்? வி01, வி02 என்று எண் போடுங்கள். பழையதன் மேலேயே எழுதாமல் புதிய எண்ணில் சேமிக்கும் பழக்கம் இருந்தால், கோப்பு கெட்டாலும் நேற்றையது கையில் இருக்கும். குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்: ஸ்டோரிலைன் 360-இல் சேமித்ததை ஸ்டோரிலைன் 3-இல் திறக்க முடியாது.

சின்க்கை பேக்கப் என்று நினைப்பதும் பரவலான தவறு. ஒருவர் ஃபோல்டரை அழித்தால் எல்லார் கணினியிலும் அது அழிந்துவிடலாம். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். இ-லேர்னிங்கில் திருத்தம் கேட்டு வாடிக்கையாளர் திரும்பி வருவது ஆறு மாதம் கழித்து! மாதம் ஒருமுறையாவது சின்க்கில் இல்லாத வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள்.

எதை வைப்பது என்பதிலும் கோட்டை விடுகிறார்கள். பப்ளிஷ் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் ஸ்கார்ம் ஜிப் மட்டும் இருக்கும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு இருக்காது. பப்ளிஷ் செய்த பொதியிலிருந்து மூலத்தைப் பழையபடி மீட்க வழியில்லை. ஒரு எழுத்துப்பிழைக்காகப் பாடத்தையே மறுபடி கட்ட வேண்டிவரும். மூலக் கோப்போடு ஸ்கிரிப்ட், சுருக்காத ஆடியோ, எழுத்துரு, வாங்கிய படங்களின் உரிம விவரம் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்த ஆடியோ மூலமே அல்ல, அது ஏற்கெனவே சுருங்கியது. ஜிப்பைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போதும் கவனம்: பொதியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். இன்னொரு ஃபோல்டருக்குள் போய்விட்டால் பாடத்தை ஏற்றி நடத்தும் எல்.எம்.எஸ். அதை ஏற்காது.

பகிர்வில் ஒன்றே ஒன்று. 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிட்ட ஃபோல்டரில் இருப்பது பெரும்பாலும் வாடிக்கையாளரின் உள்விவகாரம்: நடைமுறை விதிகள், விற்பனைப் பயிற்சி, சில சமயம் ஊழியர் பெயர்கள். மின்னஞ்சல் முகவரி வாரியாக அனுமதி கொடுங்கள், ஃப்ரீலான்சரின் வேலை முடிந்த அன்றே அவருடைய அனுமதியை எடுத்துவிடுங்கள். ஃபோல்டரின் உரிமையும் நிறுவனக் கணக்கில் இருக்கட்டும். யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் அவர் வேலையை விட்டுப் போகும்போது ஃபோல்டருக்காக அவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

புராஜெக்ட்டை மூடும் அன்று, காப்பகத்தில் போட்ட கோப்பை அந்த வேலையில் இல்லாத ஒருவர் தன் கணினிக்கு நகலெடுத்துத் திறந்து, ஒருமுறை பப்ளிஷ் செய்து பார்க்கட்டும். எழுத்துரு விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.