காரில் காந்தல் வாடை: எது கருகுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

வாடையோடு புகையும் தெரிந்தால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய்விடுங்கள். பானெட்டை முழுசாகத் தூக்கவே கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் நெருப்புக்குக் காற்று கிடைத்தால் குப்பென்று பற்றும். பெட்ரோல் வாடை அடித்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

புகை இல்லை, வாடை மட்டும்தான் என்றால் இரண்டை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வாடை, எப்போது வந்தது. பிரேக் மிதித்தபோதா, மேடேறும்போதா, ஏசி போட்டதுமா, சிக்னலில் நிற்கும்போதா? ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும், வாடையும் அடங்கிவிடும். அப்புறம் மெக்கானிக்குக் கிடைப்பது நீங்கள் சொல்லும் தகவல் மட்டும்தான். மூக்கும் சில நிமிடங்களில் வாடைக்குப் பழகிவிடும். அதனால் இறங்கியவுடனேயே நான்கு சக்கரங்களையும் முன்பக்க கிரில்லையும் சுற்றிவந்து முகர்ந்துவிடுங்கள்.

ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் காரமாக அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா பாருங்கள். டிஸ்கைத் தொடாதீர்கள், சக்கரத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய் இடது, வலது சூட்டை ஒப்பிட்டாலே போதும். ஆறிய பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அந்தப் பக்கம் ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சகஜம். சுற்றவே வராமல் இறுகினால் கோளாறு உறுதி.

இந்த இடத்தில்தான் பலர் காலிப்பரை (டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) வீணாக மாற்றுகிறார்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள பிளீடர் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரம் உடனே விடுபட்டால் காலிப்பர் மேல் தப்பில்லை. உள்ளே ஊதிப்போன ரப்பர் ஹோஸ் ஆயிலைத் திரும்ப விடாமல் அடைக்கிறது. இரண்டு மூன்று சக்கரங்கள் சேர்ந்து பிடித்தால் பெடலை மிதிக்கும்போது எல்லாச் சக்கரங்களுக்கும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் பிரேக் பேடை அழுத்தும் பிஸ்டனோ, காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னோ துருப்பிடித்திருக்கிறது. பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பின்னை மூடியிருக்கும் பூட் ரப்பரை உப்ப வைத்து, பின்னை மறுபடி இறுக்கிவிடும். திறந்த நிப்பிளை இறுக்கி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஆயில் அளவு சரிபார்க்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் வயரிங். மெக்கானிக்குகள் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், ஏனென்றால் இது தானாக அணையாது. ஏசி ஃபேன் போட்டதும் வாடை, ஃபேனும் உச்ச வேகத்தில் மட்டும்தான் ஓடுகிறது என்றால், ஃபேன் வேகத்தைக் குறைக்கும் புளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் புதிதும் எரியும். அந்த ரெசிஸ்டரைக் குளிர்விப்பதே ஃபேன் காற்றுதான். கேபின் ஃபில்டர் அடைந்திருந்தாலோ மோட்டார் இறுகி ஓடினாலோ சூடு ஏறிக்கொண்டே போகும். உருகிய கனெக்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஹெட்லைட் ஹோல்டர் உருகுவது பெரும்பாலும் பல்பை மாற்றியதால். 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்புக்கு 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் போதும். அதே ஹோல்டரில் 100/90 வாட் போட்டால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும்; ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுக்கும் ரிலேயும் தடித்த வயரும் இல்லாமல் அந்தப் பல்பு வேண்டாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 20 போடுவதும் இதே ஆபத்துதான்: ஃபியூஸ் போகாது, வயர் போகும்.

மேடேறும்போதோ நெரிசலில் ஊர்ந்த பிறகோ கருகிய காகிதம் போன்ற வாடை கிளட்ச் பிளேட்டுடையது. சமதரையில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இல்லாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம் புது பிளேட்டையும் தின்றுவிடும்.

வண்டி நிற்கும்போது ஏசி வென்ட் வழியாக எண்ணெய் காந்துகிறதா? இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் விறைத்துப்போய், ஆயில் சூடான மேனிஃபோல்டில் (இன்ஜின் புகை வெளியேறும் குழாய்) சொட்டுகிறது. போல்ட்டை இன்னும் முறுக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். அவை பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கே தாங்கும். அலுமினிய மரை போய்விடும். பேக்கிங்கை மாற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் புது பேக்கிங்கையும் தாண்டி ஆயிலைத் தள்ளும்.

ரப்பர் வாடையும் கீச்சென்ற சத்தமும் சேர்ந்தால் பெல்ட்டோ, அது சுற்றும் புல்லிகளில் ஒன்றோ. சைலன்சர் பைப்பில் ஒட்டி உருகும் பாலிதீன் பையையும், நெடுநாள் நின்ற வண்டியில் எலி கொண்டுவந்து அடைத்த குப்பையையும் குனிந்து ஒரு பார்வை பார்த்தாலே தெரியும்.

வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் வாடை வரும். சிந்திய ஆயில் எரிந்து தீர ஓரிரண்டு ஓட்டம் பிடிக்கும், புது பிரேக் பேடும் புது கிளட்ச் பிளேட்டும் பழகும்வரை லேசாகக் காந்தும். நாளுக்கு நாள் குறைந்தால் சரி. அப்படியே நின்றாலோ கூடினாலோ மறுபடி பானெட்டைத் திறந்து பாருங்கள்.