அமெரிக்காவில் இறங்கிய வேலூர்ப் பிள்ளைகளுக்கு: மார்க்கெட்டிங் படிப்பின் நான்கு ஆண்டுகள்

ஜூலை பிறந்தால் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது ஒரு குடும்பம் வந்துவிடும். மகனோ மகளோ ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் புறப்படுவார்கள். நான்கு ஆண்டு பிசினஸ் பட்டப்படிப்பு, அதில் மார்க்கெட்டிங். குக்கர் எடுத்துப் போகலாமா, எத்தனை ஸ்வெட்டர் வேண்டும், ஊறுகாயை விமான நிலையத்தில் விடுவார்களா என்று அம்மாக்கள் கேட்பார்கள். அப்பாக்கள் கட்டணத்தைப் பற்றிக் கேட்பார்கள். எந்தப் பாடத்தை எந்த செமஸ்டரில் எடுப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நான் புறப்பட்டபோது எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது தோன்றவில்லை. அதனால் எனக்கு ஒரு செமஸ்டர் வீணாயிற்று. அங்கே போய் இறங்கிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த இழப்பு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இளங்கலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்புப் புள்ளி) வேண்டும். ஒரு பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட். எட்டு செமஸ்டரில் முடிக்க ஒவ்வொன்றிலும் 15, அதாவது ஐந்து பாடம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவராகிவிடுவார். பலரும் இந்த 12-ஐப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். எட்டு செமஸ்டருக்கும் அப்படியே எடுத்தால் கையில் சேர்வது 96. மிச்சமுள்ள 24 கிரெடிட்டுக்கு இன்னும் ஓர் ஆண்டு வாடகையும் கட்டணமும் கட்ட வேண்டும். பல இடங்களில் 12 எடுத்தாலும் 15 எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். உங்கள் பல்கலைக்கழகத்தில் எப்படி என்று கேளுங்கள். ஊர் பழகும்வரை முதல் செமஸ்டரில் நான்கு பாடம் எடுப்பதில் தவறில்லை. விட்டதைக் கோடையில் பிடித்துவிடுங்கள். ஆனால் பாடம் கடினமாக இருக்கிறது என்று நடுவில் கைவிட்டு 12-க்குக் கீழே இறங்கிவிடாதீர்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வாங்காமல் இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. ஆன்லைன் பாடமும் முழுநேரக் கணக்கில் செமஸ்டருக்கு ஒன்றுதான் சேரும்.

மார்க்கெட்டிங் என்று சேர்ந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் அது அதிகம் கண்ணில் படாது. ஆங்கிலக் கட்டுரை, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம், பிறகு அக்கவுண்டிங், பொருளாதாரம், புள்ளியியல் என்று போகும். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்களுக்கு அக்கவுண்டிங் சிரமமாக இருக்காது. மூன்றாம் ஆண்டில்தான் நுகர்வோர் நடத்தை, சந்தை ஆய்வு, விளம்பரம், விற்பனை எல்லாம் வரும். கடைசி செமஸ்டரில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் மார்க்கெட்டிங் உத்திப் பாடம்.

நான் படித்த துறையில் இவை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. கணிதம் முடித்தால்தான் புள்ளியியல். புள்ளியியல் முடித்தால்தான் சந்தை ஆய்வு. அது முடித்தால்தான் கடைசிப் பாடம். எனக்குக் கணக்கு என்றால் பயம். புள்ளியியலைத் தள்ளித் தள்ளி மூன்றாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டரில் எடுத்தேன். அடுத்த செமஸ்டரில் சந்தை ஆய்வுக்குப் பதியப் போனால், அந்தப் பாடம் ஜனவரியில் தொடங்கும் செமஸ்டரில் மட்டும்தான் நடக்கும் என்றார்கள். மே மாதம் தோழிகள் பட்டமளிப்பு அங்கி அணிந்து நின்றபோது எனக்கு இன்னும் ஒரு பாடம் பாக்கி. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த என் அப்பா, அந்த ஒரு பாடத்துக்காக வங்கியில் போட்டிருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உடைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

ஆகவே கடைசியிலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு வாருங்கள். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். எட்டுக் கட்டம் போடுங்கள். எட்டாவதில் உத்திப் பாடம். ஆறாவதுக்குள் சந்தை ஆய்வு. நான்காவதுக்குள் புள்ளியியலும் மார்க்கெட்டிங் அடிப்படையும். கணிதம் முதல் ஆண்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

ஆறாவது கட்டத்துக்கும் ஏழாவதுக்கும் நடுவில் மூன்றாம் ஆண்டுக் கோடை விடுமுறை வரும். அதைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அந்தக் கோடையில் இன்டர்ன்ஷிப் (பயிற்சி வேலை) கிடைத்தவர்களுக்கு அதே நிறுவனத்தில் வேலை கிடைப்பது சாதாரணமாக நடக்கிறது. பெரிய நிறுவனங்கள் அந்தக் கோடைக்கான ஆட்களை முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே பார்த்துவிடுகின்றன. அந்த நேரத்தில் ஒரு மார்க்கெட்டிங் பாடம்கூடப் படிக்காமல் வளாக வேலைவாய்ப்பு முகாமில் போய் நின்றால் பேச ஒன்றும் இருக்காது. நான்காம் கட்டத்துக்குள் அடிப்படைப் பாடம் என்று சொன்னது இதற்காகத்தான். வளாகத்துக்கு வெளியே இன்டர்ன்ஷிப் செய்ய சி.பி.டி. என்ற பயிற்சி அனுமதி வேண்டும், பொதுவாக ஒரு கல்வியாண்டு முடிந்த பிறகே அது கிடைக்கும். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் அது பதிவான பிறகுதான் வேலையில் கால் வைக்க வேண்டும். வளாகத்துக்குள் என்றால் பாடம் நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

மதிப்பெண் முறை நம் ஊர் போல் இருக்காது. ஒரே தேர்வில் எல்லாம் முடிவாகாது. வீட்டுப்பாடம், குழுப் பணி, வகுப்பில் பேசுவது என எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எதற்கு எத்தனை சதவீதம் என்பது முதல் நாள் தரும் சிலபஸ் தாளில் இருக்கும். (நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று: அம்மா இரவு 9 மணிக்கு அழைத்தால் உங்களுக்குக் காலை 11.30, குளிர்காலத்தில் 10.30. வகுப்பில் போனை அணைத்துவிடுவீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் வீடே கலங்கிப்போகும்.)

வகுப்பில் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது நேதாஜி மார்க்கெட் கத்திரிக்காய்க் கடையைப் பற்றி. சிறு வயதில் அப்பாவோடு போவேன். காய் விற்கும் அம்மா, வாங்க வந்தவர் தயங்கி நின்றால், ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்பை அவர் பக்கம் திருப்பி நீட்டுவார். தொட்டால் விரலில் சுருக்கென்று குத்தும். "முள் இருக்கிறதா? இலவம்பாடிக் காய்" என்பார். விலையை அதற்குப் பிறகுதான் சொல்வார். அந்த முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருள், விலை, இடம், விளம்பரம் என்று அமெரிக்கப் பேராசிரியர் மெக்கார்த்தி 1960-இல் வகுத்த மார்க்கெட்டிங்கின் நான்கு கூறுகளையும் நான் என் முதல் உரையில் அந்தக் கடையை வைத்துத்தான் விளக்கினேன். மற்றவர்கள் எல்லாம் பெரிய பிராண்டுகளைப் பற்றிப் பேசியிருந்தார்கள். விலையை ஏன் கடைசியில் சொன்னார் என்று பேராசிரியர் கேட்டார். வகுப்பு முழுவதும் அதைப் பற்றியே பேசியது. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்குத் தோல் இருக்கிறது. நம் ஊரில் தைத்த ஷூ இன்னொரு நாட்டுப் பிராண்டின் பெயரோடு எப்படி விற்கிறது, அந்த விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு குழுப் பணியையே செய்யலாம். வீட்டில் கேட்டாலே பாதி விவரம் கிடைக்கும்.

இன்னொன்று, இதைப் பலர் நான்காம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஐ-20-இல் உங்கள் மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) ஆறு இலக்க எண் ஒன்று இருக்கும். பொது மார்க்கெட்டிங்குக்கு அது 52.1401. அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. ஆகவே படித்து முடித்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதி 12 மாதம்தான், ஸ்டெம் பட்டதாரிகளுக்கு உள்ள 24 மாத நீட்டிப்பு கிடைக்காது. 30.7102 என்ற எண்ணில் உள்ள பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்போ அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை இரண்டாவது மேஜராக எடுக்க முடியுமா என்று முதல் ஆண்டிலேயே விசாரியுங்கள். மைனராக (துணைப் பாடமாக) எடுத்தால் கணக்கில் வராது. எண்களைக் கண்டு நான் ஓடியது போல் ஓடாதீர்கள். இன்று ஆம்பூரில் ஏற்றுமதி மார்க்கெட்டிங் பார்க்கும் எனக்கு நாள் முழுவதும் அந்தப் புள்ளியியலோடுதான் வேலை.

இந்த வாரமே, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசரிடம் நேரம் வாங்குங்கள். காலண்டர் தாளை எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் மட்டும் நடக்கிறது, எதற்கு எது முன்னால் வேண்டும், மேஜருக்குள் நுழைய எவ்வளவு ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்று கேட்டு, பதிலை அந்தந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவராகச் சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். எழுதியபின் தாளைப் படம் எடுத்து அப்பாவுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள்.